வீட்டுக் கோழியும் குடற்புழுவும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்திலே நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசியவர்கள் மொழியின் பெருமையையும் கல்வியின் மேன்மையையும் அழகாக எடுத்துரைத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ கோழியின் வயிற்றிலே வாழும் புழு! செயலாளர் இதை அறிவிப்புப் பலகையிலே எழுதியபோது இளைஞர் சிலர் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களிலே ஒருவரும் சிரித்திருக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நாலு கோழி வளர்த்து, முட்டை விற்ற காசை முந்தானையிலே முடிந்துவைத்துப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். கோழி செத்தால் அந்த வீட்டிலே என்ன சாகிறது என்பதை அவர்கள் அறிவார்கள்.

நானும் அப்படி ஒரு வீட்டிலே பிறந்தவன். அட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலே, லயத்தின் கடைசிக் காம்பராவிலே வளர்ந்தவன். என் தாயார் கொழுந்துக்குப் போய் வந்த நேரம் போக, ஆறேழு கோழிகளையும் பார்த்து வந்தார். பெரட்டுச் சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் போய்விடும். கோழிக் காசுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக் காசு. ஒரு வருஷம் எனக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்குவதென்று அந்தக் காசைச் சேர்த்து வந்தார். அந்த வருஷ மழைக்காலத்திலே எங்கள் கோழிகள் ஒவ்வொன்றாக மெலியத் தொடங்கின. தீனி தின்கின்றன; ஆனால் நெஞ்செலும்பு கத்தி போலத் தெரிகிறது. கொண்டை வெளிறிப் போகிறது. இறகு தொங்குகிறது. முட்டை நின்றுபோயிற்று. பக்கத்து வீட்டார் கண்பட்டுவிட்டது என்றார்கள். என் தாயாரும் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலே போட்டார். பிறகு ஒரு நாள் நல்ல பேடு ஒன்று செத்துக் கிடந்தது. என் தகப்பனார் அதை அறுத்துப் பார்த்தார். குடலிலே, அவித்த இடியப்பத்தைத் திணித்து வைத்தாற்போல, வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள்!

அந்த வருஷம் சப்பாத்து வரவில்லை. அதை நான் ஒரு குறையாகச் சொல்லவரவில்லை. எங்கள் லயத்திலே யாருக்கும் தெரியாதிருந்த ஒரு சிறிய விஷயம் தெரிந்திருந்தால், அந்தக் கோழிகள் பிழைத்திருக்கும். அந்தச் சிறிய விஷயத்தைச் சொல்லத்தான் இன்று இந்த மேடையிலே ஏறினேன்.

இன்று இதைப் பேசுவதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையிலே 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுள் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நமது நுவரெலியா மாவட்டத்திலோ 100க்கு 32 பேர். அதாவது மூன்றிலே ஒரு பிள்ளை! பிள்ளையின் உயரத்தை ஒரு முட்டை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது உண்மை. ஆயினும் வளரும் பிள்ளைக்கு முட்டையைப் போன்ற மலிவான, முழுமையான உணவு வேறு எது? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே முட்டை விலை ஏறியதையும், 2023இலே இந்தியாவிலிருந்து கப்பலேற்றி முட்டை கொண்டுவந்ததையும் நாம் கண்டோம். நாட்டுக்கே முட்டை தட்டுப்பட்ட காலத்திலே, வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வைத்திருந்தவன் கையேந்தாமல் இருந்தான். ஆகவே அந்த நாலு கோழியின் வயிறு நமது சங்கத்தின் கவனத்துக்குரிய விஷயமே.

முதலிலே எதிரியை அறிந்துகொள்வோம். கோழியின் குடலிலே வாழும் புழுக்களைப் பொதுவாக நான்கு வகையாகச் சொல்லலாம்.

முதலாவது, பெரிய உருண்டைப் புழு. நூலாசிரியர்கள் இதனை அஸ்காரிடியா கல்லி என்பர். சிறுகுடலிலே வாழ்வது, 2 முதல் 4 அங்குல நீளம் வளர்வது. என் தகப்பனார் கண்டது இதுதான். இரண்டாவது, குருட்டுக்குடற் புழு. அரை அங்குலம்தான் இருக்கும். கோழிக்குப் பெருந்தீங்கு செய்யாது. ஆனால் வான்கோழியைக் கொல்லும் ஒரு நோய்க் கிருமியைத் தன் முட்டைக்குள்ளே சுமந்து செல்லும். கோழியும் வான்கோழியும் ஒரே முற்றத்திலே வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மூன்றாவது, மயிர்ப் புழு. தலைமயிர் போல மெல்லியது; கண்ணுக்கு எளிதில் தெரியாது; ஆனால் குடற்சுவரைப் புண்ணாக்கும். நான்காவது, நாடாப் புழு. தட்டையாக, கண்ணி கண்ணியாக, சில ஒரு சாண் நீளம்கூட வளரும். கோழியின் எச்சத்திலே அரிசி போன்ற வெள்ளைத் துணுக்குகள் கிடந்தால் அவை இதன் கண்ணிகளே.

இவை கோழிக்குள்ளே போகும் வழி யாது? இங்கேதான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள்.

பெரிய உருண்டைப் புழு கோழியின் குடலிலே முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகள் எச்சத்தோடு தரையிலே விழுகின்றன. விழுந்த அன்றைக்கே அவை தீங்கு செய்வதில்லை. ஈரமும் மிதமான சூடும் இருந்தால், ஏறக்குறைய இரண்டு வாரத்திலே முட்டைக்குள் குஞ்சுப் புழு உருவாகிறது. அதன் பிறகு அந்த மண்ணைக் கொத்தும் கோழி அதை விழுங்குகிறது. விழுங்கிய 5 முதல் 8 வாரத்திலே புழு முற்றி, தானும் முட்டையிடத் தொடங்குகிறது. இப்படியே சக்கரம் சுழல்கிறது. நாடாப் புழுவின் சக்கரமோ கொஞ்சம் சுற்று வழி. அதன் முட்டையை எறும்போ வண்டோ நத்தையோ முதலில் தின்னவேண்டும். அந்த எறும்பைக் கோழி தின்னவேண்டும். மண்புழுவும் சில வகைப் புழுக்களைத் தன் உடம்பிலே சுமந்து கோழியிடம் சேர்க்கிறது.

இப்பொழுது நமது லயத்தின் பின்புறத்தை மனக்கண்ணிலே கொண்டுவாருங்கள். வரிசையாகக் காம்பராக்கள். பின்னாலே ஒரு முழ அகல நிலம், அதற்கப்பால் கான், கானுக்கு மேலே மண்மேடு. பாட்டன் காலத்திலிருந்து அதே துண்டு நிலத்திலேதான் கோழி கொத்துகிறது. அதே துண்டிலேதான் எச்சமும் விழுகிறது. மழை பெய்கிறது, மூடுபனி இறங்குகிறது, வெய்யில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது. புழு முட்டைக்கு இதைவிட நல்ல மெத்தை வேண்டுமா? நுவரெலியாவின் குளிரிலே புழு முட்டை செத்துப்போகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. குளிரிலே அதன் வளர்ச்சி தாமதப்படும். ஆனால் முட்டை சாகாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணிலே மாதக்கணக்காகக் காத்திருக்கும். அதைக் கொல்வது வெய்யிலும் உலர்ச்சியுமே.

அடுத்து, நோயின் அடையாளத்தைச் சொல்கிறேன். புழு கோழியைப் படிப்படியாக வாட்டும். தின்றும் மெலிதல், வெளிறிய கொண்டை, சோம்பிக் குந்தியிருத்தல், நாட்பட்ட கழிச்சல், முட்டை குறைதல், குஞ்சு வளராமல் நிற்றல், இவை புழுவின் அடையாளங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளே அதிகம் பாதிக்கப்படும். முற்றிய கோழி ஓரளவு தாங்கிக்கொள்ளும்; ஆனால் அதுவே முற்றம் முழுவதும் முட்டையைப் பரப்பிக்கொண்டிருக்கும்.

இரண்டு மூன்று நாளிலே கோழிகள் மளமளவென்று சாகின்றன, கழுத்து முறுக்குகிறது, மூச்சிரைக்கிறது, பச்சையாகக் கழிகிறது என்றால், அது புழுவல்ல. பெரும்பாலும் ராணிக்கெட் நோயாக இருக்கும். இந்தியாவிலே ஒரு மலைநகரின் பெயரும், 1926இலே அதைக் கண்ட இங்கிலாந்து நகரமாகிய நியூகாசிலின் பெயரும் அந்த ஒரே நோய்க்கு வழங்குகின்றன. அதற்குப் புழு மருந்து கொடுத்துப் பயனில்லை. முன்கூட்டியே தடுப்பூசி போடுவதுதான் வழி. குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால் அது வேறொரு நுண்ணுயிரின் வேலை; அதற்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் "சீக்கு" என்ற ஒரே பெயரை வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைக் கரைத்து ஊற்றுவது நமது பழைய தவறு. அதை விட்டுவிடவேண்டும்.

நமது தாய்மார் ஒருவர் கூட்டம் தொடங்குமுன் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: "கோழிப் பூச்சி பிள்ளைக்கு ஒட்டுமா தம்பி?" ஒட்டாது அம்மா. கோழியின் உருண்டைப் புழு வேறு, பிள்ளையின் வயிற்றிலே இருக்கும் பூச்சி வேறு. ஒன்றின் முட்டை மற்றொன்றின் வயிற்றிலே வளர்வதில்லை. எப்போதாவது ஒரு முட்டையை உடைக்கும்போது உள்ளே ஒரு புழு இருக்கக் கண்டவர்களும் உண்டு. அது அருவருப்பானதே தவிர ஆபத்தானதல்ல. ஆனால் கோழியின் குடலிலே புழு மிகுந்துவிட்டது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. எச்சம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும் என்பது மட்டும் மாறாத விதி. ஏனெனில் எச்சத்திலே புழுவைத் தவிர வேறு கிருமிகளும் உண்டு.

இனி மருந்துக்கு வருவோம். அதற்கு முன் நமது தோட்டங்களின் பழைய சரித்திரம் ஒன்றை நினைவூட்ட அனுமதி தாருங்கள். அது கோழியின் கதையல்ல. நமது பாட்டன் பாட்டியின் கதை.

நம் முன்னோர் வெறுங்காலோடு மலையேறிய காலத்திலே, கொக்கிப் புழு என்னும் புழு மண்ணிலிருந்து அவர்களுடைய பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே சென்று, குடலிலே தொங்கி இரத்தத்தை உறிஞ்சியது. உடம்பு வெளிறி, வீங்கி, வேலை செய்யமுடியாமல் சோர்ந்தார்கள். சோம்பேறிகள் என்ற பழியும் வாங்கினார்கள். 1916ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே அதற்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார்கள். சோதித்தவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு அந்தப் புழு இருக்கக் கண்டார்கள். ஓம உப்பாகிய தைமோலையும், பின்னர் வேறு எண்ணெய் மருந்தையும் கொடுத்தார்கள். புழு விழுந்தது, ஆட்கள் தெளிந்தார்கள். ஆனால் சில காலத்திலே அதே ஆட்களுக்கு அதே புழு திரும்பவும் வந்தது. ஏன்? லயங்களிலே மலசலகூடம் இல்லை. மனிதனுக்கு மருந்து கொடுத்தார்கள். மண்ணோ பழைய மண்ணாகவே இருந்தது. மருந்து மட்டும் போதாது, மண்ணும் சுத்தமாகவேண்டும் என்ற பாடத்தை நம் முன்னோரின் உடம்பிலேதான் படித்தார்கள். அந்தப் பாடத்தை இன்று நாம் நமது கோழி முற்றத்திலே மறந்துவிடலாகாது.

அதே சரித்திரத்திலே இன்னொரு பாடமும் உண்டு. 1921இலே மோரிஸ் ஹோல் என்ற அமெரிக்க மிருக விஞ்ஞானி, நாய்களின் கொக்கிப் புழுவுக்குக் காபன் நாற்குளோரைட்டு என்னும் திரவம் நல்ல மருந்து என்று கண்டார். துணிந்து தாமே அதை விழுங்கியும் பார்த்தார். பின்னர் அது பல நாடுகளிலே மனிதருக்கும் கொடுக்கப்பட்டது. ஆனால் அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு என்பது தெரியவந்தபின் கைவிடப்பட்டது. புழுவைக் கொல்லும் எந்த மருந்தும் அளவு தவறினால் வளர்ப்புப் பிராணியையும் கொல்லும். இதை மனத்திலே பதித்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இன்று வழக்கிலுள்ள மருந்துகள் சிலவற்றின் பெயரைச் சொல்கிறேன். பைப்பரசீன் பழைய மருந்து; பெரிய உருண்டைப் புழுவுக்கு மட்டுமே நன்றாக வேலை செய்யும். அது புழுவை மயக்கி வெளியே தள்ளும். மற்றப் புழுக்களை அசைக்காது. லெவமிசோல் பல வகை உருண்டைப் புழுக்களுக்கு ஏற்றது. ஆனால் அளவு கூடினால் கோழிக்குத் தாங்காது. பென்பெண்டசோல், அல்பெண்டசோல் என்பவை விரிந்த பயனுடையவை. பென்பெண்டசோலைக் குடிநீரிலே கொடுக்கும் முறையிலே, கோழியின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் தொடர்ந்து 5 நாள் கொடுப்பது அமெரிக்காவிலே அங்கீகரிக்கப்பட்ட அளவு. நாடாப் புழுவுக்கு பிரசிகுவாண்டெல் என்ற மருந்து தனியே வேண்டும். இவற்றுள் எது உங்கள் கோழிக்கு ஏற்றது, எந்த அளவு என்பதை நான் சொல்லவில்லை. அரசாங்க மிருக வைத்தியரே சொல்லவேண்டும். அவருடைய அலுவலகம் நமது பிரதேசங்களிலே இருக்கிறது. நாலைந்து கோழியின் புதிய எச்சத்தை ஒரு சிறு டப்பாவிலே கொண்டுபோனால், எந்தப் புழுவென்று பூதக்கண்ணாடியிலே பார்த்து அறியலாம். பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலே மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் நமக்காகவே இருக்கிறது. தோட்டத்துக்காரன் அங்கெல்லாம் போகலாமா என்று தயங்கவேண்டியதில்லை. நாமும் இந்த நாட்டின் பிரசைகளே. அந்தக் கதவுகள் நமக்கும் உரியவை.

மருந்து கொடுக்கும்போது கடைப்பிடிக்கவேண்டியவை சில உண்டு. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: கோழியை நிறுங்கள். கொழுந்து நிறுக்கும் நமக்குக் கோழி நிறுக்கத் தெரியாதா? கண்ணளவு ஏமாற்றும். குறைந்த அளவு கொடுத்தால் பலவீனமான புழு சாகும்; பலமுள்ளது பிழைத்து, அந்த மருந்துக்கு அடங்காத சந்ததியைப் பெருக்கும். அமெரிக்காவின் வான்கோழிப் பண்ணைகளிலே பென்பெண்டசோலுக்கு அடங்காத உருண்டைப் புழு அண்மை ஆண்டுகளிலே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு: தண்ணீரிலே கொடுப்பதானால் அன்றைக்கு வேறு தண்ணீர் கோழிக்குக் கிடைக்கலாகாது. கானிலும் பீலித் தண்ணீரிலும் வாய் வைக்க விட்டால் மருந்துத் தண்ணீர் அப்படியே கிடக்கும். ஆகையால் மருந்து நாளிலே கூட்டிலே அடைத்து வையுங்கள். மழை நாளிலே கோழி குறைவாகத் தண்ணீர் குடிக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

மூன்று: மருந்து கொடுத்தபின் இரண்டு மூன்று நாள் கூட்டின் எச்சம் முழுவதையும் அள்ளிப் புதையுங்கள், அல்லது உரக்குழியின் நடுவிலே, சூடு ஏறும் இடத்திலே போடுங்கள். வெளியே விழும் புழுவின் வயிற்றிலே ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கின்றன. அவற்றை முற்றத்திலே விட்டால் விதை விதைத்தது போலாகும்.

நான்கு: மருந்துப் போத்தலிலே குறித்திருக்கும் நாள் வரையும் முட்டையையும் இறைச்சியையும் உண்ணலாகாது, விற்கவும் கூடாது. அயலவன் பிள்ளைக்கு மருந்து கலந்த முட்டையை விற்பது தருமமாகாது.

ஐந்து: பிள்ளைகளுக்குக் கிளினிக்கிலே கொடுத்த பூச்சி மாத்திரையை உடைத்துக் கோழிக்குப் போடவேண்டாம். அளவு தெரியாத மருந்து மருந்தாகாது.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிப் பெரியவர்கள் கேட்பீர்கள். வேப்பிலை, பூண்டு, குப்பைமேனி, பப்பாளி விதை, பாக்கு என்று பலவற்றை நம் பாட்டிமார் கொடுத்து வந்தார்கள். அவற்றை நான் பழிக்கமாட்டேன். பாக்கிலே உள்ள ஒரு சத்து நாடாப் புழுவைத் தள்ளும் என்பதும், பப்பாளிப் பாலுக்குக் கோழியின் உருண்டைப் புழுவைக் குறைக்கும் சக்தி உண்டு என்பதும் விஞ்ஞானிகள் கண்டவையே. ஆனால் ஒரு பாக்கிலே எவ்வளவு சத்து, ஒரு கோழிக்கு எவ்வளவு என்பதிலே நிதானம் இல்லை. பாக்கு மிஞ்சினால் நஞ்சு. ஆகவே இலேசான காலத்திலே துணையாகச் சிறிது கொடுக்கலாம். கோழி மெலிந்து விழும்போது அதையே நம்பி நாளைக் கடத்தலாகாது.

இப்பொழுது நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டார் மட்டும் மருந்து கொடுப்பதால் பயன் மிகக் குறைவு. லயத்திலே பத்துக் காம்பரா. பத்து வீட்டுக் கோழியும் ஒரே கானோரத்திலே மேய்கின்றன. முதல் வீட்டார் மருந்து கொடுக்கிறார். ஒன்பது வீட்டுக் கோழியும் முட்டையைத் தூவுகின்றன. இரண்டு மாதத்திலே முதல் வீட்டுக் கோழிக்கும் மறுபடி புழு. உடனே அவர் சொல்கிறார், "மருந்திலே ஒன்றுமில்லை, காசுதான் வீண்" என்று. மருந்திலே குற்றமில்லை ஐயா. முற்றம் பொதுவாயிருக்க, மருந்து மட்டும் தனியாயிருந்ததுதான் குற்றம்!

ஆகவேதான் இதைச் சங்கத்திலே பேசுகிறேன். ஒரு லயம் முழுவதும் ஒரே நாளிலே மருந்து கொடுக்கவேண்டும். அதற்கு நாள் குறிப்பதும் எளிது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, ஆடிப்பிறப்பு, தீபாவளி என்று ஏறக்குறைய மூன்று மாதத்துக்கொரு முறை நமக்குப் பண்டிகை வருகிறது. பண்டிகைக்கு முன்னே கொடுத்தால் அடித்துச் சமைக்கும் கோழியிலே மருந்து தங்கிவிடும். ஆகையால் பண்டிகை கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமையே மருந்து நாள். தைக்குப் பின் வரும் உலர்ந்த நாட்களிலே கொடுக்கும் மருந்துக்குப் பலன் அதிகம். ஏனெனில் அப்பொழுது வெய்யிலும் நமக்குத் துணை நிற்கும். சித்திரையிலே கொடுப்பது அடுத்து வரும் தென்மேற்கு மழைக்குக் காப்பாகும். எச்சத்தைச் சோதித்த வைத்தியர் இத்தனை முறை வேண்டாம் என்றால் அவர் சொல்லைக் கேளுங்கள்.

முற்றத்தைத் திருத்தும் வழிகளும் உண்டு. அவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை; கைதான் வேண்டும். கூட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, அடியிலே மூங்கிற் பிளாச்சையோ பலகைக் கீற்றையோ இடைவெளிவிட்டு அடியுங்கள். எச்சம் கீழே விழும், கோழி அதை மிதிக்காது. விழுந்ததைத் தினமும் அள்ளுங்கள். தீனியைத் தரையிலே இறைக்காமல் தட்டிலே வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிச் சேறாக விடாதீர்கள். கானை வெட்டி நீர் தேங்காமல் செய்யுங்கள். குஞ்சுகளை மூன்று மாதம் வரையிலும் முற்றிய கோழி மேய்ந்த மண்ணிலே விடாதீர்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிக் குஞ்சுச் சாவு நிற்கும் என்பது என் அநுபவம். இடமிருந்தால் நிலத்தை இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கத்தைக் கொத்திக் காயவிட்டு மறுபக்கத்திலே மேயவிடுங்கள். கோழி எரு நல்ல உரம்தான். ஆனால் பச்சையாகத் தோட்டத்திலே கொட்டாமல் குவித்து மக்க வைத்துப் போடுங்கள். தீனியும் முக்கியம். உயிர்ச்சத்து 'ஏ' குறைந்த கோழியைப் புழு எளிதிலே வெல்லும். நுவரெலியாப் பக்கத்திலே கரட்டுத் தழையை வண்டி வண்டியாக வீசுகிறார்கள். அது கோழிக்கு அமிர்தம்! முருங்கைக் கீரையும் அப்படியே.

பெரியவர் ஒருவர் சென்ற வாரம் என்னைத் தடுத்து, "புழுவும் ஓர் உயிர்தானே, கூட்டங் கூட்டமாகக் கொல்லச் சொல்வது பாவமில்லையா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே, அவருடைய கருணையை நான் வணங்குகிறேன். ஆனால் வாயில்லாத ஒரு பிராணியை நம் வீட்டிலே அடைத்து வைத்து, நாமே அசுத்தமாக்கிய மண்ணிலே அதை மேயவிட்டு, அது உள்ளுக்குள்ளே தின்னப்பட்டுச் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்தப் புண்ணியத்திலே சேரும்? வளர்ப்பவன் காப்பவனாகவும் இருக்கவேண்டும். சேவலைக் கொடியிலே வைத்து வணங்கும் நாம், கொல்லையிலே நிற்கும் சேவலை மறக்கலாமா?

இளைஞர்களே, நிறைவாக உங்களிடம் ஒன்றைக் கேட்டு அமர்கிறேன். இந்த விழாவுக்குப் பின் வரும் பண்டிகையை முதற் பண்டிகையாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு பேர் பொறுப்பேற்கவேண்டும். ஒருவர் வீடு வீடாகச் சென்று எத்தனை கோழி என்று கொப்பியிலே எழுதட்டும். மற்றவர் எச்சத்தைச் சேர்த்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோகட்டும். மருந்தை மொத்தமாக வாங்கினால் ஒரு வீட்டுக்கு விழும் காசு மிகச் சிறியது. காசில்லாத வீட்டுக்குச் சங்கம் கொடுக்கட்டும். ஏனென்றால் அந்த வீட்டுக் கோழியை விட்டுவிட்டால் மற்ற ஒன்பது வீட்டு மருந்தும் வீண். இதிலே தருமமும் கணக்கும் ஒன்றாகவே நிற்கின்றன.

பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போவது எளிது. எனக்குக் கைதட்டல் வேண்டாம். அடுத்த ஆண்டு விழாவிலே யாராவது ஒருவர் இந்த மேடையிலே ஏறி, "எங்கள் லயத்திலே இந்த வருஷம் குஞ்சு சாகவில்லை, பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது" என்று இரண்டு வார்த்தை சொன்னால் அதுவே போதும். எங்கேயோ ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவிலே ஒரு பிள்ளை வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்.